அறுபதுக்குப் பிறகு மெட்ராஸ் வந்தவர்: யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார்



நமது கீழ்த்தள கார் நிறுத்துமிடத்தில் வார இறுதி மாலைகளில் பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு தொடங்கியது முதல், பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் எங்கள் முதியோர் கோஷ்டிக்குப் பேச நல்ல விஷயம் கிடைத்திருக்கிறது. வெள்ளை உடுப்பும் மஞ்சள் பெல்ட்டுமாகக் குழந்தைகள் காலை வீசி உதைப்பதைப் பார்த்து, இதையெல்லாம் எத்தனை வயது வரை செய்ய முடியும் என்று ஒருவர் கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். அதையே செய்தி மடலுக்கு எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார்.

கராத்தேக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் சுலபம். கிச்சின் ஃபுனகோஷி என்று ஒரு பெரியவர். ஜப்பானின் தெற்குக் கோடியில் உள்ள ஒக்கினாவா தீவில் 1868-ல் பிறந்தவர். பிறக்கும்போதே நோஞ்சான். இரவு நேரத்தில் குருவின் வீட்டு முற்றத்தில் கராத்தே பழகித்தான் உடம்பு தேறியது. பிழைப்புக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, அதுவும் முப்பது வருடம். 1922-ல் ஒரு செயல்விளக்கத்துக்காக டோக்கியோ போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது வயது 53. மாணவர் விடுதி ஒன்றில் வாசல் பெருக்கி, தோட்டம் பார்த்துக்கொண்டே கராத்தே சொல்லிக் கொடுத்தார். உலகெங்கும் பரவியிருக்கும் ஷோட்டோகான் என்ற பாணியின் பெயர் அவருடைய புனைபெயரிலிருந்து வந்ததுதான். எண்பதைத் தாண்டியும் பயிற்சியை விடாமல், 1957-ல் 88 வயதில் காலமானார்.

இவரைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதிவிடலாம். ஆனால் இதே மாதிரி ஒருவர், இன்னும் அதிக வயதில் ஊர் மாறி, நமது பேட்டையிலேயே வாழ்ந்து, இங்கேயே நூறு வயது வரை பயிற்சி செய்து மறைந்திருக்கும்போது ஒக்கினாவா வரை போவானேன் என்று தோன்றியது. அவர் பழகியது கராத்தே அல்ல, யோகாசனம். பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். யோகா என்ற சொல் தெரிந்த நாடுகளிலெல்லாம் இந்தப் பெயர் தெரியும். மந்தைவெளியில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும் நமக்குத்தான், அவர் வாழ்ந்த தெருக்கள் வழியாகவே நடக்கிறோம் என்பது பல சமயம் தெரிவதில்லை.

வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். 1888 நவம்பர் 18-ம் தேதி, இன்றைய கர்நாடகத்தில் சித்திரதுர்கா மாவட்டத்து முசுகுந்தபுரம் என்ற கிராமத்தில் பிறந்தார். வைணவக் குடும்பம். ஆறு குழந்தைகளில் மூத்தவர். தகப்பனார் ஸ்ரீநிவாச தாத்தாச்சாரியார்தான் முதல் குரு. பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது அவர் காலமாகிவிட, குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பரகால மடத்தில் உறவு இருந்தது. மடத்துப் பாடசாலையில் சமஸ்கிருதம், வேதம், தர்க்கம் என்று படிப்பு நடந்தது.

தமிழ்நாட்டோடு அவருக்கு உள்ள தொடர்பு மெட்ராஸுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் வழிவந்த குடும்பம் என்று சொல்லிக்கொள்பவர்கள் அவர்கள். பதினாறு வயதில் கிருஷ்ணமாச்சாரியார் ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை போனார். நம்மாழ்வாரின் புளியமரம் இருக்கும் அதே ஊர். அங்கே ஒரு தோப்பில் மயங்கிய நிலையில், நாதமுனிகளே யோக ரகசியத்தைத் தமக்கு உபதேசித்ததாக அவர் பிற்காலத்தில் சொன்னார். பிறகு காசியில் படித்தார். அங்கிருந்து இமயம் தாண்டி, கைலாச மலைப் பக்கத்தில் ராமமோகன பிரம்மசாரி என்ற குருவிடம் ஏழு வருடத்துக்கு மேல் யோகம் பயின்றதாகவும், குருதட்சிணையாக ஊருக்குத் திரும்பி, திருமணம் செய்து, குடும்பஸ்தனாக இருந்து யோகத்தைக் கற்பிக்க வேண்டும் என்று குரு கேட்டதாகவும் அவரே மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வவுச்சர் இல்லாத பதிவைக் கண்டால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவது கை வழக்கம். இந்த இரண்டு சம்பவங்களுக்கும் அவருடைய வாய்மொழியைத் தவிர வேறு வவுச்சர் கிடையாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இனி வருபவை எல்லாம் கணக்கில் நிற்பவை.

1925-ல் நாமகிரியம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்தவருக்கு யோகம் சோறு போடவில்லை. ஹாசன் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலை பார்த்துத்தான் குடும்பம் நடத்தினார். விடுமுறை கிடைத்தால் ஊர் ஊராகப் போய் யோகத்தைப் பற்றிப் பேசுவார், ஆசனம் செய்து காட்டுவார். அப்படி 1927-ல் ஹாசனில் அவர் செய்து காட்டியதைப் பார்த்து மறுநாளே மாணவனாகச் சேர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன்தான் பிற்காலத்தில் அஷ்டாங்க யோகத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன பட்டாபி ஜோயிஸ்.

மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. 1930-களின் தொடக்கத்தில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறக்கப்பட்டது. இன்று ஓவியக்கூடமாக நீங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கும் அதே கட்டடம்தான். மைசூர் டூர் போனவர்கள் அடுத்த முறை இந்த எண்ணத்தோடு பாருங்கள். 1934-ல் யோக மகரந்தம் என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார். அது தமிழிலும் வந்தது. 1938-ல் எடுத்த பேசாத கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. கிட்டத்தட்ட ஐம்பது வயது மனிதர், தரையில் கை ஊன்றி உடம்பை மேலே தூக்கி, காலை முடிச்சுப் போட்டு அவிழ்ப்பதை அதில் பார்க்கலாம். அவருடைய மனைவியும் குழந்தைகளும்கூட ஆசனம் செய்கிறார்கள். பெண்கள் இதையெல்லாம் செய்யலாமா என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், தம் வீட்டுப் பெண்களையே கேமரா முன் நிறுத்தியவர் அவர்.

மைசூர்க் காலத்தைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். கல்விமான்கள் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். ஆகையால் வேகமாகத் தாண்டுகிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் விட மனமில்லை.

ஒன்று, மாணவர்கள். நாமகிரியம்மாளின் தம்பி ஒருவர் 1934-ல் மைசூருக்கு வந்து சேர்ந்தார். காசநோய், டைபாய்டு, மலேரியா என்று எல்லாம் வந்து, குச்சி மாதிரிக் கை கால்களோடு இருந்த பையன். அவர்தான் பி.கே.எஸ். ஐயங்கார். அத்திம்பேரிடம் அவர் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. கிருஷ்ணமாச்சாரியார் அப்போது மிகக் கண்டிப்பானவர், கோபக்காரர். ஐயங்கார் வயதான பிறகும் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். பெரிய மனிதர் என்பதற்காக இதை மறைத்து எழுதுவது சரியல்ல. இன்னொரு மாணவி, லாட்வியா நாட்டின் ரிகா நகரில் பிறந்த இந்திரா தேவி. வெளிநாட்டவர், அதிலும் பெண் என்று முதலில் மறுத்தவர், மகாராஜாவின் சிபாரிசால் சேர்த்துக்கொண்டார். கடுமையான சாப்பாட்டு நியமம் போட்டுப் பார்த்தும் அந்த அம்மாள் ஓடவில்லை. கடைசியில் நீயே போய்ச் சொல்லிக்கொடு என்று அனுப்பிவைத்தார். அவர் 1947-ல் ஹாலிவுட்டில் யோகா நிலையம் திறந்தார்.

இரண்டாவது, இதயத்தை நிறுத்திய கதை. 1935-ல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தியா வந்து யோகிகளைக் கருவி வைத்துச் சோதித்தார். கிருஷ்ணமாச்சாரியாரின் இதயத்துடிப்பு பதிவுக் காகிதத்தில் ஏறக்குறைய காணாமலே போனதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்றும் இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 1950-களின் பின்பாதியில் இன்னும் நுட்பமான கருவிகளோடு வந்தவர்கள் இத்தகைய வித்தைகளை அளந்து பார்த்தபோது விஷயம் தெளிவானது. மூச்சைப் பிடித்து மார்புத் தசைகளை இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாடி கைக்கு அகப்படாமல் போகிறது. இதயம் மட்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தயவுசெய்து யாரும் மொட்டை மாடியில் முயற்சி செய்து பார்க்க வேண்டாம். அவருமே பிற்காலத்தில் இந்த மாதிரி வித்தைகளை ஒதுக்கிவிட்டார். மக்களைக் கூட்டிவர ஒரு காலத்தில் அவை தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

1940-ல் மகாராஜா காலமானார். அடுத்து வந்தவர் காலத்தில் ஆதரவு படிப்படியாக மெலிந்தது. நாடு சுதந்திரம் அடைந்தது, சமஸ்தானம் போயிற்று, 1950-ல் யோகசாலைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மனிதருக்கு 62 வயது. மாதச் சம்பளம் நின்றுவிட்டது. ஆறு குழந்தைகள். அவர்களில் தேசிகாச்சாருக்குப் பன்னிரண்டு வயது. அவருக்கு அடுத்தவர் ஸ்ரீபாஷ்யத்துக்குப் பத்து. கையில் இருக்கும் தொழிலோ, அரண்மனை இருந்தவரைதான் மதிப்புள்ளது என்று ஊரே நினைத்த தொழில். பரகால மடத்தின் தலைமைப் பொறுப்புக்கு அவரை அழைத்ததாகவும், குடும்பஸ்தனாக இருப்பதே குருவுக்குக் கொடுத்த வாக்கு என்று மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். மறுமாதத்திலிருந்து பென்ஷன் கணக்கில் ஏறியது. நம்மில் பலருக்கும் அப்படித்தான். இருந்தும் முதல் ஆறு மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்துக்கொண்டிருந்தோம். இவர் 62-ல் மறுபடியும் மாணவர் தேட வேண்டியிருந்தது.

மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்தது. பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒரு பிரபல சட்ட நிபுணருக்கு யோகத்தின் மூலம் சிகிச்சை செய்ய வேண்டும் என்று கூப்பிட்டார்கள். 1952 வாக்கில் இங்கே வந்து சேர்ந்தார். பட்டணத்தில் டிராம் வண்டிகள் தம் கடைசி ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்த சமயம். அதே 1952-ல்தான் மைத்துனர் ஐயங்கார், பிடில் மேதை யெஹூதி மெனுஹினைப் பம்பாயில் சந்தித்தார். அதோடு சிஷ்யருக்கு ஐரோப்பாவின் கதவு திறந்தது. குரு மெட்ராஸில் வீடு வீடாகப் போய் வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

எனக்குப் பிடித்த கிருஷ்ணமாச்சாரியார் இந்த மெட்ராஸ் கிருஷ்ணமாச்சாரியார்தான். மைசூரில் வரிசையாக நின்ற திடகாத்திரமான பையன்களுக்குப் பாடம் எடுத்தார். குரல் கொடுத்தால் முப்பது பேரும் ஒரே மாதிரி வளைய வேண்டும். இங்கே வந்து சேர்ந்தவர்கள் யார்? வக்கீல்கள், அதிகாரிகள், இடுப்புவலிக்காரர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, தூக்கமின்மை, பிரசவத்துக்குப் பின் உடம்பு தேறாத பெண்கள். சுருங்கச் சொன்னால் நம்மைப் போன்றவர்கள். இவர்களைப் போய் மயூராசனம் செய் என்று சொல்ல முடியுமா?

ஆகவே அவர் முறையை மாற்றினார். அறுபதைத் தாண்டிய ஒருவர், தமக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த முறையையே மாற்றிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். கூட்டமாகச் சொல்லிக் கொடுப்பதைக் குறைத்து, ஒருவருக்கு ஒருவர் என்று ஆக்கினார். வருகிறவரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய், என்ன வேலை என்று விசாரிப்பார். ஆயுர்வேதம் படித்தவர் ஆகையால் பத்தியமும் சொல்வார். பிறகுதான் ஆசனம். குனிய முடியாதவர் முழங்காலை மடக்கிக்கொண்டு குனியலாம். உட்கார முடியாதவர் படுத்துக்கொண்டு கையை மட்டும் உயர்த்தலாம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். மூச்சு. கை உயரும்போது மூச்சு உள்ளே, கை இறங்கும்போது மூச்சு வெளியே. கை நிற்கும் இடத்தில்தான் மூச்சும் நிற்க வேண்டும். மூச்சு குறுகி, திணற ஆரம்பித்தால் அந்த ஆசனம் அந்த ஆளுக்கு அன்றைக்கு வேண்டாம்.

நீங்களே இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கொண்டுபோய்ப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கை மேலே போய்ச் சேர்வதற்குள் மூச்சு தீர்ந்துவிடும், அல்லது கை முந்திக்கொண்டு போய்விடும். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய் ஒன்றாக இறக்குவதற்கு எவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது என்பது அப்போது புரியும்.

வயதுக்குத் தக்கபடியும் பயிற்சியைப் பிரித்தார். வளரும் பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாவலும் போன்ற வேகமான ஆசனங்கள். குடும்பமும் வேலையுமாக இருக்கும் நடுவயதுக்காரருக்கு, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவான பயிற்சி. அவருக்கு நேரமும் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டு போட்ட பாடம். முதுமையில் ஆசனம் குறைந்து, பிராணாயாமமும் தியானமும் கூடும். எழுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரனைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை, இரண்டு பேருக்கும் பாடத்திட்டமே வேறு. காலைத் தூக்கி உதைக்கும் கராத்தேப் பிள்ளைகளைப் பார்த்து நமது பெஞ்சில் எழுந்த கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் அவர் யோகம் கற்பித்தார். 1955-ல் அவரிடம் சேர்ந்த ஸ்ரீவத்ச ராமசுவாமி என்ற இளைஞர் முப்பது வருடத்துக்கு மேல் தொடர்ந்து படித்தார். அவ்வளவு காலமும் புதிதாக ஏதோ ஒன்று சொல்லிக்கொடுக்க ஆசிரியரிடம் மிச்சம் இருந்தது. ராமசுவாமி பிறகு கலாக்ஷேத்ராவிலும், அதன் பின் அமெரிக்காவிலும் ஆசிரியராக இருந்தார். 1971-ல் சேர்ந்த ஏ.ஜி. மோகன் கடைசி வரை உடனிருந்தார். வேதம் ஓதுவதைப் பெண்களுக்கும் இவர் கற்றுக்கொடுத்தார். அன்றைய மயிலாப்பூரில் இது சாதாரண விஷயம் அல்ல. தென்கலை, வடகலை என்று திருமண் வேறுபாட்டுக்கே கோர்ட்டுக்குப் போன காலத்தின் எச்சம் நிறைய இருந்த ஊர் இது.

சொந்த வீட்டில்தான் வியாபாரம் கொஞ்சம் மந்தம். மூன்று பிள்ளைகளில் தேசிகாச்சார் மைசூரில் சிவில் இன்ஜினீயரிங் படித்தார். யோகத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. 1960-களின் தொடக்கத்தில், டெல்லியில் ஒரு வேலைக்குப் போவதற்கு முன் பெற்றோரைப் பார்க்க மெட்ராஸ் வந்தார். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பெரிய கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து நடுத்தர வயது வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடிவந்து, வெளியே வந்த கிருஷ்ணமாச்சாரியாரைக் கட்டித் தழுவிக்கொண்டார். பழுத்த வைணவப் பெரியவரை நடுத்தெருவில் ஒரு பெண் கட்டிப்பிடித்தால் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்! விசாரித்தால், நியூசிலாந்துக்காரரான அந்தப் பெண்மணி பல வருடங்களாகத் தூக்கமில்லாமல் தவித்தவர். முந்தின இரவுதான் மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஓடிவந்திருக்கிறார்.

தகப்பனாரிடம் இருப்பது என்ன என்று தேசிகாச்சாருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. டெல்லி வேலையை விட்டார். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று போய் நின்றார். உடனே ஒப்புக்கொள்ளவில்லை பெரியவர். விடியலுக்கு வெகு முன்பே எழுப்பிவிட்டுப் பையன் தாக்குப்பிடிக்கிறானா என்று பார்த்த பிறகே பாடம் தொடங்கியது. ஆசிரியருக்கு எழுபதைத் தாண்டிய வயது, மாணவருக்கு இருபத்து மூன்றோ நான்கோ. கிட்டத்தட்ட இருபத்தெட்டு வருடம் நடந்த பாடம் அது. 1960-களின் நடுவில் தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி தம் எழுபதாவது வயதில், இந்த இளைஞர் தேசிகாச்சாரிடம் மாணவராகச் சேர்ந்து, பணிவோடு கற்றுக்கொண்டார்.

1976-ல் தேசிகாச்சார் தம் தகப்பனார் பெயரில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கினார். பெரியவருக்கு அப்போது 88. பெயர்ப்பலகையில் பெயரைப் போட்டுவிட்டு, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடும் வயது. அவரோ தொடர்ந்து கற்பித்தார், நோயாளிகளைப் பார்த்தார், எழுதினார். அதிகாலையில் எழுந்து தம் ஆசனம், பிராணாயாமம், பூஜை முடித்த பிறகே மற்றவர்களுக்கான நாள் தொடங்கும். முதிய வயதில் எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். நெற்றி நிறையத் திருமண், ஒட்டிய வயிறு, ஊசி மாதிரி நிமிர்ந்த முதுகு. மைசூர்ப் படத்தில் இருக்கும் வேகம் இல்லை. ஆனால் என் கண் அந்த முதுகைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. கவுண்டருக்குப் பின்னால் கூன் போட்டு உட்கார்ந்து நோட்டு எண்ணியவனுக்குத்தான் அந்த முதுகின் விலை தெரியும்.

96-ம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நமக்கெல்லாம் பெரிய பயமே இந்த இடுப்பெலும்புதான். நமது குளியலறைகளில் கைப்பிடி வைக்க வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் நான் மூன்று முறை எழுந்து பேசியதற்கும் அதுவே காரணம். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். அதை நான் சிபாரிசு செய்யவில்லை. இன்றைய மருத்துவம் வேறு, நாற்பது வருடத்துக்கு முந்தைய நிலைமை வேறு. உங்களுக்கு நேர்ந்தால் எலும்பு மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். நான் சொல்ல வருவது அதன் பிறகு அவர் செய்ததை. படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சி வரிசை ஒன்றைத் தமக்காகவே வகுத்துக்கொண்டார். முப்பது வருடமாக வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கேற்றபடி அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவர், இப்போது 96 வயது, முறிந்த இடுப்பு, ஒரு கட்டில் என்ற அளவுக்குத் தமக்கே தைத்துக்கொண்டார். கையை உயர்த்தி மூச்சை இழுப்பது, இறக்கி விடுவது. இயன்றவரை கால். பாராயணம். உட்கார முடிந்த பிறகு மாணவர்கள் மறுபடி வந்தார்கள், பாடம் நடந்தது.

1988 நவம்பரில் நூறாவது பிறந்தநாள் விழாவைச் சென்னையில் கொண்டாடினார்கள். பெரியவர் நினைவு தெளிவாக இருக்கவே கலந்துகொண்டார். மூன்று மாதம் கழித்து, 1989 பிப்ரவரி 28-ம் தேதி காலமானார்.

யோகம் செய்தால் நூறு வயது நிச்சயம் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். இந்திரா தேவி 102 வயது இருந்தார். ஐயங்கார் 95, பட்டாபி ஜோயிஸ் 93. ஆனால் தினமும் அதே பயிற்சியைச் செய்த தேசிகாச்சார், கடைசி வருடங்களில் மறதி நோயால் அவதிப்பட்டு 2016-ல் 78 வயதில் போய்விட்டார். அவர் பிறந்தது 1938 ஜூன் 21. உலகம் யோகா தினம் கொண்டாடும் அதே தேதி என்பது தற்செயல்தான். வரவையும் செலவையும் இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன். கூட்டிப் பார்ப்பது உங்கள் பாடு.

யோக மந்திரம் இன்றும் மந்தைவெளிக்குப் பக்கத்தில் ராமகிருஷ்ணா நகர் நான்காவது குறுக்குத் தெருவில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்து படிப்பவர்கள் உண்டு. நமக்கு ஆட்டோவுக்குக்கூடச் செலவில்லாமல் நடந்தே போய்விடலாம். இன்னமும் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். போகிறவர்கள் தங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை விவரங்களையும் பழைய எக்ஸ்ரேக்களையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.